மடிக்கணினியில் 'போர்ட்' வேலை செய்யாவிட்டால்

சங்க மலர் என்றாலே இலக்கியம், கல்வெட்டு, கோயில் வரலாறு, பழைய நினைவுகள் என்றுதான் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அவற்றுக்கு நடுவே மடிக்கணினியின் ஓட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இன்று திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மடிக்கணினி இல்லாத வீடு அரிது. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மகன் வைத்திருக்கிறான். பேத்தி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை அதில்தான் கேட்கிறாள். ஊரிலுள்ள கல்யாணப் படங்கள், நிலப் பத்திரத்தின் நகல், மறைந்துபோன பெரியவர்களின் குரல் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கவும் உள்ளே வைக்கவும் இருக்கிற வாசல்தான் போர்ட். வாசல் அடைத்துக்கொண்டால் வீடே இடிந்துவிட்டதாக நினைத்துக் கலங்குபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மின்னணுக் கருவிகளோடு நாற்பது வருடம் பழகியவன் என்பதால் கரமனையில் என் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு மூன்று மடிக்கணினிகளாவது வந்துவிடும். "சார், ஒரு நிமிஷம் பாத்துத் தாங்களேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் கணினியில் கேபிள் செருகும் இடத்துக்கும் ஒரே சொல்தான். தமிழில் கணினி நூல் எழுதியவர்கள் 'துறை' என்றும் 'வாயில்' என்றும் எழுதிப் பார்த்தார்கள். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, 2025 மே 2 அன்று புதிய பன்னாட்டுத் துறைமுகமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நமக்குத் 'துறை' என்ற சொல் பிடிக்கத்தான் செய்யும். ஆனாலும் வீட்டில் யாரும் "துறை பழுதாகிவிட்டது" என்று சொல்வதில்லையே! ஆகவே போர்ட் என்றே எழுதிச் செல்கிறேன். ஒன்று மட்டும் விழிஞ்ஞத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கப்பல் கரைக்கு வரவில்லை என்றால் துறைமுகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கப்பலில் கோளாறு இருக்கலாம், வழியில் மணல் மூடியிருக்கலாம், கரையில் ஆள் தூங்கியிருக்கலாம். மடிக்கணினியிலும் அப்படியேதான். என்னிடம் "போர்ட் போச்சு" என்று வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் போர்ட் போகவில்லை.

இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் யு.எஸ்.பி. போர்ட் 1996 ஜனவரியில் வெளிவந்த ஏற்பாடு. அதற்கு முன் விசைப்பலகைக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று, பிரிண்டருக்கு அகலமாக ஒன்று என்று கணினியின் முதுகு முழுக்க வகைவகையான துளைகள். இவற்றை ஒன்றாக்கும் வேலையில் இன்டெல் நிறுவனத்தில் முன்நின்றவர் பரோடா பல்கலைக்கழகத்தில் படித்த அஜய் பட். அவருடன் பாலா சுதர்சன் கடம்பி உள்ளிட்ட குழுவினருக்கு 2013-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. 2000-இல் இரண்டாம் பதிப்பும், 2008-இல் மூன்றாம் பதிப்பும், 2014-இல் எப்படித் திருப்பினாலும் நுழையும் டைப்-சி வடிவமும் வந்தன.

பழைய வகை யு.எஸ்.பி.யில் நான்கே கம்பிகள். ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம், ஒன்று திரும்பும் வழி, மற்ற இரண்டும் பேச்சுக்கு. பென் டிரைவைச் செருகியதும் முதலில் மின்சாரம் பாய்கிறது. உடனே அது பேச்சுக் கம்பிகளில் ஒன்றை 3.3 வோல்ட் அளவுக்கு உயர்த்தி "நான் வந்திருக்கிறேன்" என்று தெரிவிக்கிறது. கணினி "யார் நீ?" என்று கேட்கிறது. செருகப்பட்ட பொருள் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் சொல்கிறது. அதற்கேற்ற டிரைவர் என்னும் மென்பொருளைக் கணினி தேடி எடுத்துக்கொள்கிறது. மின்சாரம், பேச்சு, புரிதல் என்று மூன்று படிகள். பழுது எந்தப் படியில் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

எனவேதான் "சார், லைட் எரியுதே, ஆனா வரல்ல" என்று சொல்லும்போது எனக்கு உடனே விவரம் கிடைத்துவிடுகிறது. விளக்கு எரிவதற்கு 5 வோல்ட் போதும். முதல் படி சரி, இரண்டாவதில்தான் தடை என்று அது சொல்கிறது. போனோடு மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் பேச்சுக்கான இரண்டு கம்பிகளே இருக்காது, சார்ஜ் ஏற மட்டுமே உதவும். அந்தக் கேபிளால் போனை மடிக்கணினியில் இணைத்துப் படங்களை எடுக்கப் பார்த்தால் ஆயுசுக்கும் வராது. போர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே முதல் சோதனைக்குக் கேபிளுள்ள சாதாரண மவுஸ் ஒன்று போதும். சந்தேகப்படும் போர்ட்டில் அதைச் செருகுங்கள். அடியில் விளக்கு எரிந்து, திரையில் அம்புக்குறியும் நகர்ந்தால் போர்ட் நலம், உங்கள் பென் டிரைவோ கேபிளோதான் கெட்டது. அதே மவுஸ் வேறு போர்ட்டில் ஓடி, இங்கே மட்டும் ஓடாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். எந்தப் போர்ட்டிலும் ஓடவில்லையா? மவுஸையே வேறொரு கணினியில் சோதித்துவிடுங்கள். சாதாரண விஷயம்தான். ஆனால் இதைச் செய்யாமல் சாலைக் கடைத்தெரு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பலர்.

கம்பியில்லா மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. நீல நாக்குள்ள மூன்றாம் பதிப்புப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடும்போது, பக்கத்துப் போர்ட்டிலுள்ள மவுஸின் சிறு ரிசீவர் தடுமாறும். ஹார்ட் டிஸ்க்கின் வேகப் பேச்சு 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதுதான் காரணம். இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டது. ரிசீவரை ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

டைப்-சி போர்ட்டில் வேறு இரண்டு குழப்பங்கள் உண்டு. ஓட்டை ஒரே வடிவம் என்பதால் எல்லாம் ஒரே வேலை செய்யும் என்று நினைக்கிறோம். சில மடிக்கணினிகளில் அந்தப் போர்ட் தகவலை மட்டும் கடத்தும். சார்ஜ் ஏற்றாது, டிவிக்குப் படமும் அனுப்பாது. பிறவியிலேயே இல்லாத திறமையைப் பழுது என்று சொல்லக்கூடாது. போர்ட்டின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறியையும் கூடவந்த கையேட்டையும் பாருங்கள். இன்னொன்று, கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்கிறது, திருப்பிச் செருகினால் செய்யவில்லை என்றால், உள்ளே இரு முகங்களிலுமாக இருக்கும் 24 தொடுமுனைகளில் ஒரு முகத்தில் அழுக்கோ சேதமோ இருக்கிறது. கேபிளும் காரணமாகலாம் என்பதால் வேறொரு கேபிளாலும் பாருங்கள்.

மவுஸ் சோதனையில் போர்ட் தோற்றுவிட்டதா? இன்னும் கவலைப்பட வேண்டாம், கரையில் ஆள் தூங்குகிறாரோ என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால் பெரும்பாலும் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுவதற்காகப் பாதித் தூக்கத்தில் இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உள்ளிருப்பவை அனைத்தும் புதிதாக எழும். ஆகவே "அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு" என்பது போதாது, ரீஸ்டார்ட் கொடுங்கள். அதிலும் எழாவிட்டால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, பல மாடல்களில் போர்ட்டுகளைக் கவனிக்கும் சிறு சில்லும் புதிதாகத் தொடங்கும். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் மந்திரமில்லை. அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்த ஏதோ ஒன்றால் போர்ட் தன்னைத்தானே காத்துக்கொள்ள அடைத்துக்கொண்டிருந்தால் இதில் திறந்துவிடுவதுண்டு.

அதன்பின் டிவைஸ் மேனேஜர். அதில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பின்கீழ் மஞ்சள் முக்கோணம் எதிலாவது தெரிந்தால், அதை 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். பேட்டரி மிச்சப்படுத்துவதற்காகப் போர்ட்டைத் தூங்க வைக்கும் அனுமதியும் அங்கேயே, ரூட் ஹப்பின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் இருக்கும். அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள்.

கேரளத்தில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதன் தொடர்ச்சியாக வந்த கைட் நிறுவனமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸைப் பழக்கியிருக்கின்றன. வீட்டுப் பையனிடம் கேட்டால் லினக்ஸ் உள்ள பென் டிரைவ் ஒன்றை எடுத்து வருவான். வேலை செய்கிற போர்ட்டில் அதைச் செருகி, விண்டோஸைத் தொடாமல் நிறுவாமலே இயக்கி, சந்தேகப் போர்ட்டில் மவுஸைச் செருகினால் விஷயம் வெளிச்சமாகிவிடும். லினக்ஸில் ஓடினால் கோளாறு விண்டோஸில், காசு செலவில்லை. அதிலும் ஓடாவிட்டால் பொருள்தான் கெட்டிருக்கிறது. கடைக்காரர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற குழப்பமும் அத்தோடு தீரும்.

இனி நம் ஊருக்கே உரிய காரணங்களுக்கு வருகிறேன். இடவப்பாதியில் தொடங்கினால் துலாவர்ஷம் முடியும்வரை வீட்டுக்குள் ஈரம். சங்குமுகம், வலியதுறை பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. போர்ட்டின் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கும். சார்ஜ் ஏறும் டைப்-சி போர்ட்டில் மின்னழுத்தமும் ஈரமும் சேர்வதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இதுபோக, பஞ்சுத் துகள், சந்தனத் தூள், பிஸ்கட் பொடி, அதைத் தேடி வரும் எறும்பு. டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சுத்தம் செய்யும்போது கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கியிருக்க வேண்டும். உலர்ந்த மெல்லிய தூரிகையோ மரப் பல்குச்சியோ போதும். ஊக்கு, குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது. கம்பிமுனையை வளைத்துவிடும், இரண்டு முனைகளை இணைத்தும்விடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பச்சை பூத்திருந்தால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தூரிகையை லேசாக நனைத்துத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகே ஆன் செய்யுங்கள். கோவிட் காலத்தில் மிஞ்சிய கை சானிடைசரை ஊற்றி எடுத்து வந்தார் ஒரு நண்பர். அதில் தண்ணீரும் பெரும்பாலும் கிளிசரினும் உண்டு, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் மருந்து. போர்ட்டுக்கு மட்டும் வேண்டாம்!

எல்லாவற்றிலும் பெரிய எதிரி மின்னல். மதியம் கடலிலிருந்து ஈரக் காற்று ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி எழும்பி, சாயங்காலம் இடியும் மின்னலுமாக இறங்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இதுதான் இங்கே வழக்கம். கேரள அரசு மின்னலைத் தன் மாநிலப் பேரிடர்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை கவனமாக இருக்கும்படி பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மின்னல் நம் வீட்டில் விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலே அக்கம்பக்கத்து மின்கம்பியிலும் டெலிபோன் கம்பியிலும் பேரலையாக மின்னழுத்தம் எழும். அது மோடத்துக்குள் வந்து, அங்கிருந்து இணையக் கேபிள் வழியாக மடிக்கணினியின் லேன் போர்ட்டைச் சுட்டுவிடும். ஒரு மின்னலுக்கு மறுநாள் ஒரே தெருவிலிருந்து மூன்று மடிக்கணினிகள் என் மேஜைக்கு வந்ததுண்டு, மூன்றிலும் லேன் போர்ட் மட்டும் காலி.

"இப்போ எங்க வீட்டில ஃபைபர்தானே அண்ணாச்சி, கண்ணாடி இழையில மின்னல் எப்படி வரும்?" என்று நாகர்கோவில்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 ஜூன் 5-இல் கேரள அரசு கே-ஃபோன் தொடங்கியதற்கு முன்பே தனியார் ஃபைபரும் நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் மோடத்துக்கு அடாப்டர் ஒன்று சுவரில் செருகியிருக்கிறதே! மின்கம்பியில் வரும் அலை அடாப்டர், மோடம், லேன் கேபிள் என்று அதே பாதையில் நடந்து வரும். ஸ்பைக் கார்டு வைத்திருந்தாலும் சுவரில் எர்த் சரியில்லையென்றால் அதன் வேலை அரைகுறைதான்; பல அடிகள் வாங்கினால் அதுவும் உள்ளுக்குள் தேய்ந்துபோகும். மேகம் கூடும்போதே சார்ஜரையும் லேன் கேபிளையும் மோடத்தின் அடாப்டரையும் பிடுங்கிவிடுவதுதான் உறுதியான காப்பு. இடி முழங்கத் தொடங்கியபின் பிடுங்கப் போகக்கூடாது, அந்த நேரத்தில் கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. பரீட்சை என்று பிள்ளை அடம்பிடித்தால் எந்தக் கம்பியும் இல்லாமல் பேட்டரியிலும், போனின் இணையத்திலும் படிக்கட்டும்.

லேன் போர்ட் செத்ததா என்று அறிவது எளிது. நன்றாக இருக்கும் கேபிளைச் செருகியும் போர்ட் ஓரத்துச் சிறு விளக்கு எரியவில்லை, அதே கேபிள் வேறு கணினியில் எரிகிறது என்றால் சந்தேகமில்லை. டிவைஸ் மேனேஜரின் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பட்டியலில் அதன் பெயரே காணாமல் போயிருந்தால் சில்லே எரிந்திருக்கக்கூடும். அதற்காகத் தாய்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைஃபை நன்றாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

விழா மேடைகளில் நடக்கும் ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியை ஒரு பிளக் பாயிண்டிலும் புரொஜெக்டரை மண்டபத்தின் அந்தக் கோடியில் இன்னொன்றிலும் செருகி, இரண்டும் ஓடும்போது ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டுகிறோம். எர்த் இல்லாத இடத்தில் இரண்டு பெட்டிகளின் உலோகப் பகுதிக்கும் இடையே நூறு வோல்ட் வரைகூட வித்தியாசம் இருக்கலாம். மின்னோட்டம் மிகக் குறைவென்பதால் நமக்கு விரலில் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்; போர்ட்டின் மெல்லிய சில்லுக்கு அதுவே எமனாகலாம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே பலகையில் செருகி, அணைந்திருக்கும்போதே கேபிளை மாட்டி, அதன்பின் ஆன் செய்யுங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றாகிவிட்டால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்தப் போர்ட் தாய்ப்பலகையில் இருக்கிறதா, தனிப்பலகையிலா?" பல மடிக்கணினிகளில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் சின்னத் தனிப்பலகையில் அமைந்து, பட்டை கேபிளால் இணைந்திருக்கும். அந்தப் பலகையை மாற்றுவது சின்னச் செலவு. சில நேரம் பட்டை கேபிளைக் கழற்றி மாட்டினாலே உயிர் வந்துவிடும். தாய்ப்பலகையிலேயே இருந்தாலும், ஆடுகிற போர்ட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கும் மெக்கானிக்குகள் நகரத்தில் இருக்கிறார்கள். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தில், அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் சேவை விவரங்களைக் காணலாம்.

கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருக்கும் ஒரு மாமி சென்ற வருடம் வந்தார். மாமாவுடைய மடிக்கணினி, அவர் காலமாகி எட்டு மாதம். தன் சின்ன வயது நினைவுகளை மாமா அதில் பேசிப் பதிவு செய்திருந்தார். இரண்டு யு.எஸ்.பி. போர்ட்டும் வேலை செய்யவில்லை. "ஒரு கடையில காட்டினேன். ஃபார்மட் பண்ணணும், போர்டு மாத்தணும்னு சொல்றா. உள்ள இருக்கறது வருமான்னா கேரண்டி இல்லைங்கறா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். போர்ட் செத்தால் டிஸ்க் சாகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி எழுகிறது, திரை வருகிறது, வைஃபை கிடைக்கிறது. வாசல் இரண்டு அடைத்தாலும் ஜன்னல் திறந்திருக்கிறது. வீட்டு வைஃபை வழியாகவே பேரனின் கணினிக்கு அந்தக் கோப்புகள் அனைத்தையும் அன்று சாயங்காலம் நகலெடுத்தோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு பதிவைத் திறந்து சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். மாமி அடுக்களைக்குப் போய்விட்டார்.

கணினியே எழாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படிக்கலாம். ஆனால் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைக்கிறது. டிஸ்க்கைக் கழற்றினாலும் தாய்ப்பலகையை மாற்றினாலும் 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்கும். முதலில் கணினியை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் என்ன என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கடையில் கொடுக்கும் முன் நகல் எடுத்துவிட்டு, "ஃபார்மட் பண்ணக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சாதாரண யு.எஸ்.பி. போர்ட் 1,500 தடவையாவது செருகிப் பிடுங்குவதைத் தாங்க வேண்டும் என்பதும், டைப்-சி 10,000 தடவை தாங்க வேண்டும் என்பதும் தரவிதி. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்று வைத்தால் முதல் வகைக்கு ஒரு வருடக் கணக்குத்தான் வருகிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே உழைக்கும். இருந்தாலும் தினமும் பென் டிரைவ் மாற்றுகிறவர்கள் ஒரு சாண் நீள நீட்டிப்புக் கேபிளைப் போர்ட்டில் நிரந்தரமாக மாட்டிவிட்டு, அதன் மறுமுனையில் செருகிப் பிடுங்கலாம். தேய்வது அந்தக் கேபிள்தான், தேய்ந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.